கூடாரத்துக்குள் சொட்டும் ஈரம்: எந்தத் துணி எங்கே உதவியது?

ஈரோட்டிலிருந்து:

கூடாரம் ஒழுகுகிறது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறவர்கள் முதலில் தையலைத் தடவிப் பாருங்கள். மழை உள்ளே வந்திருந்தால் தையல் ஓரமாகவோ ஏதாவது ஒரு மூலையிலோதான் நனைந்திருக்கும். வெளிக்கூரையின் உட்புறம் முழுக்க முத்து முத்தாகத் துளி நின்றால் பெரும்பாலும் அது நம் மூச்சு. தூங்குகிற ஓர் ஆளின் மூச்சும் வியர்வையும் சேர்ந்து ஓர் இரவில் சுமார் கால் லிட்டர் தண்ணீரைக் காற்றில் விடும். அதுதான் குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது.

ஜனவரியில் கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் அனுமதி வாங்கி, நண்பரும் நானும் ஆளுக்கொரு கூடாரம் போட்டோம். இரண்டும் ஒரே பாலியெஸ்டர், ஒரே அளவு, இரட்டைச் சுவர், அதாவது உள்துணிக்கு மேல் இடைவெளி விட்டுத் தனியாக ஒரு வெளிக்கூரை. அவர் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும் என்று கீழே புல்வெளியில் போட்டார். நான் மேட்டில் மரத்தடியில் போட்டேன், தலைக்கு மேல் காய்ந்த கிளை இல்லை என்று பார்த்துவிட்டு. காலையில் அவருடைய ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாடு பிழிகிற அளவுக்கு ஈரம். நல்ல உயரமான ஆள். தூக்கத்தில் கால் நீண்டு உள்துணியைத் தள்ளி வெளிக்கூரையோடு ஒட்டவைத்துவிட்டது. என் கூரையில் கையால் தடவினால்தான் ஈரம் தெரிந்தது.

காரணம் இடம்தான். வானம் தெளிந்த இரவில் கூரைத்துணி தன் சூட்டை மேல்நோக்கி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். மேலே மரக்கிளை இருந்தால் அந்த இழப்பு குறையும். குளிர்ந்த காற்று பள்ளத்தில் போய்த் தேங்கும், தண்ணீர்க்கரையில் ஈரப்பதமும் அதிகம். அந்த மாதிரி இடத்தில் ஆளே படுக்காத கூடாரம்கூட நனையும். ‘3000 மி.மீ.’ என்று போட்டிருக்கிறதே என்று நம்பி வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த எண் வெளியிலிருந்து வரும் மழையைத் துணி எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு. உள்ளே வேர்ப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பெங்களூரிலிருந்து:

அண்ணா சொல்வது சரி. என்னுடையது சிலிகான் பூசிய நைலான், ஒற்றைச் சுவர். எடை குறைவு என்பதற்காகவே வாங்கியது. லடாக்கில் மார்க்கா பள்ளத்தாக்கு நடையில், நிமாலிங்கில், அது ஏறக்குறைய 4,800 மீட்டர் உயரம், விடியலில் கூரையின் உள்பக்கம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. அசைந்தால் முகத்தில் தூள் தூளாகக் கொட்டும். வெயில் படுவதற்குள் உதறி வெளியே தள்ளிவிட்டேன், உள்ளே ஒன்றும் நனையவில்லை. அங்கே காற்றும் வறண்டது, கூடாரத்துணியில் எஞ்சிய ஈரம் மதிய ஓய்வில் காய்ந்துவிட்டது.

அதே கூடாரத்தைப் பருவமழையில் குடகுக்குக் கொண்டுபோனபோது நிலைமை வேறு. நைலான் தண்ணீரைக் குடித்து நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டிய கூரை நடுராத்திரியில் தொய்ந்து முகத்துக்கு மேலே வந்து நின்றது. எழுந்து கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. பாலியெஸ்டர் அப்படி நீளாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இரட்டைச் சுவர் பாலியெஸ்டர்தான் என் தேர்வு. இரண்டு பக்கமும் சிலிகான் பூசியது என்றால் தையலில் டேப் ஒட்டாது, சிலிகான் பசை வாங்கி நாமேதான் அடைக்க வேண்டும்.

சென்னையிலிருந்து:

நாங்கள் குடும்பமாகக் காரில் போகிறவர்கள், அதனால் எடை பெரிய விஷயமில்லை. எங்களுடையது பருத்தி கான்வாஸ், 20 கிலோவுக்கு மேல். ஏற்காட்டில் நான்கு பேர் படுத்தும் கூரையில் துளி கட்டவில்லை. நெசவின் இடைவெளி வழியாக ஆவி வெளியே போய்விடுகிறது. மழை பட்டால் நூல் ஊதி அந்த இடைவெளி அடைபடும். அதனால் புதுக் கான்வாஸை முதலில் நனைத்துக் காயவைத்துவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும்.

அதற்காகக் கான்வாஸ் என்றால் எல்லாவற்றையும் மூடிக்கொள்ளலாம் என்றில்லை. குளிருது, ஜன்னலை மூடு என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். அவருக்கு இன்னொரு கம்பளி கொடுத்துவிட்டு, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத் திறப்பைத் திறந்தே வைக்கிறேன். சமையல் வெளியேதான். கேஸ் எரிந்தாலே நீராவி வரும். கரி அடுப்பையோ தணலையோ குளிர்காய உள்ளே எடுத்துவரவே கூடாது, அதிலிருந்து வரும், கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு ஆளைக் கொன்றுவிடும்.

கான்வாஸில் உள்ள பெரிய சிரமம் வீட்டுக்கு வந்த பிறகுதான். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி விழும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. நவம்பர் சென்னையில் அதை மொட்டை மாடியில் விரித்து, தூறல் விழும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்து, கடைசியில் ஹாலில் ஃபேனுக்குக் கீழே போட்டுத்தான் காயவைக்கிறோம். அதைக் காயவைக்க வீட்டில் இடமில்லாதவர்கள் ஈரோட்டு அண்ணா சொன்ன பாலியெஸ்டரையே வாங்குங்கள்.