எம்எம்ஏ சாம்பியன் பாக்சிங் ரிங்கில் தேறுவாரா? கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்

ரிங்கோரம்:

போன மாதம் எங்கள் ஜிம்முக்கு ஒருவர் வந்தார். எம்எம்ஏ ஆள், அதாவது குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைக்காரர். கூண்டுக்குள் ஏழு சண்டை போட்டு ஐந்தில் ஜெயித்தவர். 77 கிலோ, கழுத்து எங்கே முடிகிறது தோள் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத உடம்பு. "குத்து மட்டும் கொஞ்சம் கூர்மையாகணும் மாஸ்டர்" என்றார். கோச் இரண்டு நாள் அவரைப் பையில் அடிக்க விட்டார். பை சங்கிலியோடு ஆடிய ஆட்டத்தைப் பார்த்துச் சின்னப் பையன்கள் கயிறு தாண்டுவதை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

மூன்றாம் நாள் ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை. எதிரே ஒரு கல்லூரிப் பையன். 19 வயது, 66 கிலோ, மாவட்டப் போட்டிகளுக்குப் போகிறவன். முதல் ரவுண்டில் வந்தவர் வலது கையால் ஒன்று போட்டார். பையன் தடுத்தும்கூட இரண்டடி பின்னால் போனான். இன்றைக்கு இவன் காலி என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது ரவுண்டில் பையன் ஜேப், அதாவது முன்கையால் நேராக விடும் குத்து மட்டும் போட்டான். ஜேப், இடப்பக்கம் ஓர் எட்டு, மறுபடி ஜேப். நடுநடுவே முழங்காலை மடக்கிக் கொஞ்சம் குனிவான். அவன் குனியும்போதெல்லாம் வந்தவரின் கைகள் இரண்டும் இடுப்புக்கு இறங்கின. ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. காலை வாரிக் கீழே தள்ள வருகிறான் என்று அவர் உடம்பு தானாக நினைத்துக்கொள்கிறது! பையன் இதைக் கண்டுபிடித்துவிட்டான். குனிவதுபோல் காட்டுவான், கை இறங்கும், முகத்தில் பக்கவாட்டிலிருந்து ஹுக் விழும். மூன்றாவது ரவுண்டில் மூக்கில் ரத்தம் வந்ததும் கோச் நிறுத்திவிட்டார்.

வெளியே டீ குடிக்கும்போது அந்த மனிதர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவன் காலைப் பிடிக்க மாட்டான்னு எனக்குத் தெரியும் அண்ணே. என் கைக்குத் தெரியலையே."

அன்றிலிருந்து ஜிம்மில் ஓயாத வாக்குவாதம். எம்எம்ஏ சாம்பியன் இங்கானு, பாக்சிங் ஹெவிவெயிட் சாம்பியன் ஃபியூரியையே உருட்டிவிட்டாரே என்று ஒரு கட்சி. அதே இங்கானு அடுத்து பாக்சர் ஜோஷுவாவிடம் என்ன ஆனார் என்று இன்னொரு கட்சி. யூடியூபில் பார்த்துப் பேசுவதை விடுங்கள். நேரில் பார்த்தவர்கள், வாங்கியவர்கள், கொடுத்தவர்கள் எழுதுங்கள்.

ரியாத்வாசி:

நான் ரிங்கில் நின்றவன் இல்லை. ஆனால் அந்த இரண்டு சண்டைகளும் நடந்த ரியாத்தில் இருந்தேன். எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் கேமரூன்காரர். பிரான்சிஸ் இங்கானு அவருக்குக் குலதெய்வம் மாதிரி. சின்ன வயதில் மணல் குவாரியில் கூலி வேலை செய்த பையன், பாக்சராக வேண்டும் என்ற ஒரே ஆசையில் பாரிஸ் வரை போய்த் தெருவில் படுத்தெழுந்து, அங்கே ஒரு பயிற்சியாளர் சொல்லித்தான் எம்எம்ஏ பக்கம் திரும்பினார் என்று கதை கதையாகச் சொல்வார். 2021-ல் மியோசிக்கை வீழ்த்தி, எம்எம்ஏவின் பெரிய போட்டி அமைப்பான யூஎஃப்சியின் ஹெவிவெயிட் பட்டம் வாங்கியவர். ஆக, பாக்சிங் அவருக்கு இடையில் வந்த ஆசை இல்லை, முதலில் இருந்ததே அதுதான்.

2023 அக்டோபர் 28. டிக்கெட் எங்கள் கைக்கு எட்டும் விலையில் இல்லை. அறையில் எட்டுப் பேர், ஒரு லேப்டாப். மூன்றாவது ரவுண்டில் இங்கானுவின் இடது ஹுக்கில் டைசன் ஃபியூரி விழுந்ததும் நம்மாள் எம்பிக் குதித்து மேல்கட்டிலில் தலையை இடித்துக்கொண்டார். நெற்றியில் புடைத்ததைக்கூடப் பொருட்படுத்தவில்லை. பத்து ரவுண்ட் முடிந்து தீர்ப்பு வந்தது: ஒரு நடுவர் 95-94 என்று இங்கானுவுக்கு, மற்ற இருவர் 95-94, 96-93 என்று ஃபியூரிக்கு. இரண்டு நாள் அவர் யாரிடமும் பேசவில்லை.

அடுத்து 2024 மார்ச் 8, ஆந்தனி ஜோஷுவா. இந்தத் தடவை அறையில் பதினைந்து பேர், ஆட்டுக்கறி வாங்கிக் கப்சா செய்திருந்தோம். முதல் ரவுண்டிலேயே ஒரு தடவை விழுந்தார். இரண்டாவது ரவுண்டில் இன்னும் இரண்டு தடவை. கடைசியாக விழுந்தபோது எழவில்லை. கப்சா ஆறவே இல்லை.

எனக்குத் தோன்றியது இதுதான். ஃபியூரியின் மனசு முழுக்க உசிக் என்ற பாக்சரோடு அடுத்து வரவிருந்த சண்டை மேல் இருந்தது. வயிறு தொங்க வந்து நின்றார். ஜோஷுவா அப்படி வரவில்லை. அவருக்குப் பார்த்துப் படிக்கப் பத்து ரவுண்ட் வீடியோ கையில் இருந்தது. முதல் சண்டையில் இங்கானு புதிர், இரண்டாவதில் விடை தெரிந்த கணக்கு.

பழைய மிட்ஸ்:

எனக்கு அறுபதை நெருங்குகிறது. வடசென்னையில் பையன்கள் குத்திப் பழக மிட்ஸ் என்ற கைத்திண்டு பிடித்துப் பிடித்து வலது மணிக்கட்டு தேய்ந்துவிட்டது. 1980-ல் முகமது அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சி ஆட்டம் ஆடியபோது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தவன். அன்று கூட்டத்தில் ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தது இன்னும் காதில் இருக்கிறது: "இந்தக் காலைத்தான்யா அந்த ஜப்பான்காரன் உதைச்சு வீங்க வெச்சான்."

அவர் சொன்னது 1976-ல் டோக்கியோவில் நடந்த சண்டை. மல்யுத்த வீரர் இனோக்கி பதினைந்து ரவுண்டும் பெரும்பாலும் தரையில் படுத்தபடி அலியின் காலை உதைத்தார். அலி போட்ட குத்துகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். டிரா. இவரும் தோற்கவில்லை, அவரும் ஜெயிக்கவில்லை, பார்த்தவன்தான் தோற்றான்.

யூஎஃப்சி சாம்பியன் மெக்ரிகர், தோல்வியே காணாத பாக்சர் மேவெதரோடு மோதிய சண்டை நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. 2017 ஆகஸ்ட் 27, லாஸ் வேகாஸில் அப்போது சனி இரவு. பையன்கள் பத்துப் பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், வீட்டுக்காரம்மா இட்லி ஊற்றி மாளவில்லை. முதல் ரவுண்டிலேயே மெக்ரிகர் கீழிருந்து மேலே விட்ட அப்பர்கட் ஒன்று மேவெதர் முகத்தில் பட்டது. மூன்று ரவுண்ட் போனதும் பையன்கள் கூச்சல். நான் சொன்னேன், டேய் அவன் இன்னும் அடிக்கவே ஆரம்பிக்கலை, இவன் மூச்சை எண்ணிக்கிட்டு இருக்கான். நாலாவதிலிருந்து மேவெதர் கையை உயர்த்திக் கட்டிக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்தார். வாழ்நாள் முழுக்கப் பின்வாங்கி ஆடிய மனிதர், நாற்பது வயதில், இரண்டு வருஷம் ஓய்விலிருந்து வந்து, முன்னால் நடக்கிறார்! எதிராளியிடம் இனிச் சரக்கில்லை என்று தெரிந்தவன்தான் அப்படி நடப்பான். பத்தாவது ரவுண்டில் நடுவர் நிறுத்தினார். மேவெதர் கணக்கு 50 வெற்றி, தோல்வி பூஜ்யம்.

இன்னொன்று. அந்த எடைப் பிரிவில் பத்து அவுன்ஸ் கிளவுஸ்தான் விதி. நெவாடா கமிஷன் தனி அனுமதி கொடுத்து எட்டு அவுன்ஸ் போட விட்டது. சின்ன கிளவுஸ் மெக்ரிகருக்குச் சாதகம் என்றார்கள். பத்தாவது ரவுண்டில் கையைத் தூக்கவே தெம்பில்லாதவனுக்கு எட்டென்ன, பத்தென்ன.

முழங்கால்_வலி:

மாஸ்டர் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் எம்எம்ஏ பக்கம். ஆறு வருஷம் கூண்டு, அதற்கப்புறம் எட்டு மாதம் ஒரு பாக்சிங் ஜிம்மில் அடி வாங்கினேன். ரிங்கோரம் சொன்ன அந்த மனிதரின் கை எனக்கும் இருந்தது.

கை மட்டுமில்லை, தலையும்தான். பாக்சர் குத்துக்கு அடியில் தலையைக் கொண்டுபோய் அந்தப் பக்கம் எழுவான். எங்கள் விளையாட்டில் அப்படித் தலையைத் தாழ்த்தினால் முழங்கால் வந்து வாயில் நிற்கும். அதனால் நாங்கள் பின்னால் சாய்ந்துதான் தப்பிப்போம். ரிங்கில் பின்னால் சாய்ந்தால் முதல் குத்து தவறும், இரண்டாவது தவறாது. முன்காலில் எடையைப் போட்டு ஜேப் போடச் சொன்னார் கோச். ஆறு வருஷம் முன்கால் தொடையில் லோ கிக் வாங்கியவனுக்கு அந்தக் காலில் எடை போட மனசு வருமா? இங்கே யாரும் உதைக்க மாட்டார்கள் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உடம்பு எதற்குப் பயந்து பழகியதோ அதற்குத்தான் பயப்படும்.

மூச்சைப் பற்றி மாஸ்டர் சொன்னது சரி, ஆனால் அது சோம்பல் இல்லை. யூஎஃப்சி பட்டச் சண்டை ஐந்து நிமிஷம் வீதம் ஐந்து ரவுண்ட், ஆக 25 நிமிஷம். பாக்சிங் பட்டச் சண்டை மூன்று நிமிஷம் வீதம் பன்னிரண்டு, 36 நிமிஷம். நேரத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கூண்டில் எதிராளியை வேலியில் சாத்தி அமுக்கிக்கொண்டு மூச்சு வாங்கலாம். மேலே படுத்துக்கொண்டு வாங்கலாம். ரிங்கில் கட்டிப்பிடித்தால் நடுவர் வந்து பிரித்துவிடுவார். முதல் நாள் கோச் என்னைப் பிரித்தபோது, அட, இதுதானே எனக்கு ஓய்வு நேரம் என்று அழுகையே வந்தது. இரண்டாம் நாள் பழக்கதோஷத்தில் எதிராளியின் அக்குளுக்குள் கையைவிட்டுக் காலைத் தட்டிக் கீழே போட்டுவிட்டேன். ஐம்பது தண்டால் தண்டனை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எங்கள் ஆட்கள் எந்த வயதில் உங்கள் பக்கம் வந்தார்கள்? இங்கானு 37 வயதில். முன்னாள் யூஎஃப்சி சாம்பியன் டைரன் வுட்லி, யூடியூபராக இருந்து பாக்சரான ஜேக் பாலிடம் போனது 39 வயதில். மெக்ரிகர் 29, ஆனால் முதல் சண்டையே மேவெதரோடு. எந்த பாக்சராவது முதல் சண்டையில் மேவெதரைச் சந்தித்திருக்கிறாரா? பணம் பெரிதாக இருக்கும் இடத்துக்கு, கடைசிக் காலத்தில், நேராகப் போய் நிற்கிறார்கள். நாலு ரவுண்ட் சண்டையில் ஆரம்பித்து ஐந்து வருஷம் ஏறி வந்த ஒரு யூஎஃப்சி சாம்பியனை எனக்குக் காட்டுங்கள், பிறகு முடியாது என்று பேசலாம். அப்படி யாரும் வரமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பட்டம் வாங்கினவன் எதற்கு நாலு ரவுண்டுக்குப் போகிறான்?

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். 2010-ல் பாக்சர் ஜேம்ஸ் டோனி, பல எடைப் பிரிவில் உலகப் பட்டம் வாங்கியவர், முன்னாள் யூஎஃப்சி சாம்பியன் ராண்டி கூட்யூருடன் யூஎஃப்சியில் மோதினார். சண்டை தொடங்கியதும் கணுக்காலைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டார் கூட்யூர். முதல் ரவுண்டிலேயே கழுத்துப்பிடியில் முடிந்தது. ஒரு குத்தாவது ஒழுங்காக விழுந்ததா என்று இன்னும் தேடுகிறேன்.

சவுத்பா:

முன்னாள் யூஎஃப்சி சாம்பியன் ஆண்டர்சன் சில்வாவை ஒருவருமே சொல்லவில்லையே? 46 வயது, 2021 ஜூன், மெக்சிகோவின் குவாதலஹாரா. முன்னாள் உலக சாம்பியன் சாவேஸ் ஜூனியரை அவர் சொந்த நாட்டிலேயே புள்ளிகளில் ஜெயித்தார். சாவேஸ் எடை வரம்புக்குள்கூட வரவில்லை, அது வேறு விஷயம். சில்வா இளம் வயதிலேயே இரண்டு பாக்சிங் சண்டை போட்டவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு ஜேக் பாலிடம் எட்டாவது ரவுண்டில் விழுந்து புள்ளிகளில் தோற்றார்.

தங்கச்சி_ஜேப்:

பெண்கள் பக்கமும் பாருங்கள் அண்ணன்களே. ஹோலி ஹோம் முதலில் பாக்சிங் உலக சாம்பியன். அப்புறம்தான் எம்எம்ஏ. 2015-ல் மெல்பர்னில் அப்போதைய யூஎஃப்சி சாம்பியன் ரோண்டா ரௌசியைத் தலையில் உதைத்து வீழ்த்தியதை எல்லாரும் பேசுகிறார்கள். அந்த உதைக்கு முன்னால் ரௌசி கிட்டே வரும்போதெல்லாம் ஒதுங்கி ஒதுங்கிக் குத்தினாரே, அது சுத்தமான பாக்சிங் கால். 2025 ஜூனில், 43 வயதில், மறுபடி பாக்சிங்குக்கு வந்து யோலண்டா வேகாவைப் பத்து ரவுண்டும் விரட்டி ஜெயித்தார். முன்னாள் யூஎஃப்சி சாம்பியன் பாக்சிங்கில் தேறினார் என்று எழுதிக்கொள்ளலாம்தான். ஆனால் அவர் போனது வேறு வீட்டுக்கு இல்லை, அம்மா வீட்டுக்கு.

எங்கள் ஜிம்மில் இருந்து எம்எம்ஏவுக்குப் போன ஒரு அக்கா விடுமுறைக்கு வந்து என்னோடு ஸ்பாரிங் போட்டார். இரண்டு ரவுண்ட் தடுமாறினார். மூன்றாவதில் கால் பழையபடி ஆட ஆரம்பித்தது. நாலாவதில் எனக்கு உதடு கிழிந்தது.

பழைய மிட்ஸ்:

முழங்கால் தம்பி, கோபமெல்லாம் இல்லை. வயது விஷயம் நீ சொன்னதை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். 20 வயதில் ஒருத்தனை அனுப்பு, முதலில் ஆறு மாதம் கால் மட்டும் நடக்க வைக்கிறேன். இந்தத் தங்கச்சி சொன்ன கணக்குதான், கால் ஒரு தடவை படிந்தால் போகாது. ஐம்பது தண்டால் குறைவு, நானாக இருந்தால் நூறு.

ரிங்கோரம்:

எல்லாருக்கும் நன்றி. ஒரு சின்னத் தகவல். மூக்கில் ரத்தம் வந்த அந்த மனிதர் இன்னும் வருகிறார், செவ்வாயும் வெள்ளியும். கை இப்போது பத்துக்கு ஆறு தடவைதான் இறங்குகிறது. நம் கல்லூரிப் பையன் கொஞ்சம் தலைக்கனத்தோடு போன ஞாயிறு அவருடைய ஜிம்முக்குப் போய் மல்யுத்த மெத்தையில் இறங்கியிருக்கிறான். திங்கட்கிழமை காது சிவந்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் வந்தான். என்னடா ஆச்சு என்று கேட்டால், "ஒரு குத்துகூட விடல அண்ணே. அஞ்சு நிமிஷம் என் மேலயே உட்கார்ந்திருந்தார்" என்கிறான்.