4 டெராபைட் வட்டை 1678 ஜிபி என்று காட்டும் பழைய கேஸ்

சிங்கப்பூர் அங் மோ கியோ வீட்டில் 2012 முதல் பயன்படுத்திவரும் 3.5 அங்குல யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் கேஸில், பழைய 1 டெராபைட் வட்டை எடுத்துவிட்டுச் சென்ற வாரம் புதிய 4 டெராபைட் வட்டைப் பொருத்தினேன். விண்டோஸ் 10 அதை 1678 ஜிபி என்றே காட்டுகிறது. ஜிபிடி முறையில் (2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டுகளுக்கும் ஏற்ற பகுப்பு முறை) மறுபடி பகுத்தும், கேபிளை மாற்றியும், வேறு கணினியில் செருகியும் பயனில்லை. அதே வட்டு மேசைக் கணினிக்குள் இருக்கும் சாட்டா இணைப்பில் 3726 ஜிபியாகச் சரியாகத் தெரிகிறது.

விடுபடுவது மிகச் சரியாக 2048 ஜிபி என்பதால், 512 பைட் செக்டர்களை (வட்டின் சேமிப்புக் கூறுகளை) 32 பிட் எண்ணால் குறிக்கும் கேஸின் சில்லு அந்த எல்லையைத் தாண்டியதும் மீண்டும் சுழியத்திலிருந்து எண்ணுகிறது என்று கருதுகிறேன். கேஸில் மாதிரி எண் அழிந்துவிட்டது. சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில் கேட்ட இரண்டு கடைகளிலும் (எதிர்பார்த்தபடியே) புதிதாக வாங்கத்தான் சொன்னார்கள்.

இத்தகைய பழைய கேஸில் ஃபர்ம்வேரை (சில்லில் பதிந்துள்ள மென்பொருளை) புதுப்பித்து முழுக் கொள்ளளவையும் பெற்றவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா?