பொருள்: டைடல் லாக்கிங், டெர்மினேட்டர் – தமிழில்?

அன்பர்களே,
பதினோராம் வகுப்புத் துணைப்பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிராக்சிமா சென்டாரி பி கோளின் சூழலை மாணவர் கற்பனை செய்து எழுத வேண்டும். 11.2 நாளில் தன் விண்மீனைச் சுற்றிவரும் அது, எப்போதும் ஒரே முகத்தைக் காட்டக்கூடும்: ஒரு பாதி தீராப் பகல், மறுபாதி தீரா இரவு. இந்த 'டைடல் லாக்கிங்'குக்கு 'ஓதப் பூட்டு' என்று எழுதியிருக்கிறேன். நடுவிலுள்ள 'டெர்மினேட்டர்' பகுதிக்குச் சொல் இல்லை.

மறுமொழி 1
ஓதம் என்றதும் மாணவர் கடலைத் தேடுவார். இங்கே புடைப்பது பாறை. விண்மீனின் ஈர்ப்பு அண்மைப் பக்கத்தில் மிகுந்தும் சேய்மைப் பக்கத்தில் குறைந்தும் இருப்பதால் கோள் நீள்கிறது. வேகமாகச் சுழலும்போது புடைப்பு சற்று முந்திப் போகும், ஈர்ப்பு அதைப் பின்னிழுத்துச் சுழற்சியைத் தளர்த்தும். 'ஒருமுகக் கோள்' போதும். நிலாவைப் பார்த்தவருக்கு விளங்கும்.

மறுமொழி 2
புதனை என்ன செய்வீர்கள்? அதுவும் இப்படிப் பூட்டுண்டதே. ஆனால் இரண்டு முறை சுற்றிவருவதற்குள் மூன்று முறை சுழல்வதால் எல்லாப் பக்கமும் வெயில் படுகிறது. பூட்டு காரணம், ஒருமுகம் அதன் விளைவுகளில் ஒன்று. இரண்டும் வேண்டும். கோளுக்கு 'பூட்டுகோள்' எனலாம். வினைத்தொகை, ஆகவே க் மிகாது. பூட்டும் கோள் என்று பொருள்படாதா என்பார்க்கு: குடிநீர் எதையும் குடிப்பதில்லை.

மறுமொழி 3
டெர்மினேட்டருக்கு 'எற்பாடு'. எல் என்றால் ஞாயிறு. நெய்தலுக்குத் தொல்காப்பியம் தந்த பொழுது. விண்மீன் தொடுவானிலேயே நிற்கும் நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? பகற்பக்கம் 'எல்லை' ஆகட்டும். பொருநராற்றுப்படையின் 'எல்லையும் இரவும்' பகலைத்தானே குறிக்கிறது.

மறுமொழி 4
ஐயா, 'எல்லை' என்றால் இன்றைய மாணவர் அந்த நடுக்கோட்டைத்தான் நினைப்பார். எற்பாட்டில் 'படுதல்' இருக்கிறது. அங்கே எதுவும் படுவதில்லை, எழுவதுமில்லை. அந்தி இரண்டுக்கும் பொது: புறநானூறு 34 'காலை யந்தியும் மாலை யந்தியும்' என்கிறது. 'அந்தி வளையம்' வைக்கலாம்.
பாடத்தில் ஒரு திருத்தம். வளையம் எப்போதும் இதமாக இருக்கும் என்று எழுதாதீர்கள். காற்று மெலிதானால் இரவுப்பக்கக் குளிரில் கரியமில வாயுவே உறைந்து விழலாம். அடர்த்தியானால் வெப்பம் பரவி இரு பக்க வேறுபாடு குறையும். உச்சி வெயிலில் சூடேறிய காற்று மேலெழுந்து இரவுப்பக்கம் போய், அங்கே குளிர்ந்து இறங்கித் தரையோடு திரும்பும். ஆகவே வளையத்தில் நிற்பவர் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினால், முதுகில் ஓயாத குளிர்காற்று. மாணவர் கற்பனை அங்கிருந்து தொடங்கட்டும்.

மறுமொழி 3 (மீண்டும்)
அந்தி 'சந்தியா'விலிருந்து வந்தது என்பார் உண்டு. தூய தமிழ்ச் சொல் கையில் இருக்க, அதை ஏன் எடுக்க வேண்டும்?

மறுமொழி 4 (மீண்டும்)
சங்கப் பாட்டில் குடியேறிய சொல்லை இப்போது வெளியேற்ற நான் ஒப்பமாட்டேன்.

அன்பர்களே,
நிகழ்வுக்கு 'ஓதப் பூட்டு', நிலைக்கு 'ஒருமுகக் கோள்', இடத்துக்கு 'அந்தி வளையம்' என்று அனுப்புகிறேன். காற்றோட்டப் பத்தியைத் திருத்திவிட்டேன். 'பூட்டுகோள்' இந்தப் பதிப்பில் இல்லை.

மறுமொழி 3
அடிக்குறிப்பிலாவது எற்பாடு இருக்கட்டும். நான் உடன்படவில்லை.