கனடாவுக்குப் புதிதாகச் சென்றிருக்கும் டெல்டாக் குடும்பங்களுக்கு: இரு வீட்டுக் கணக்கும் ஒரே நோட்டில் இருக்கட்டும்

மன்னார்குடி, கும்பகோணம், மயிலாடுதுறை, பட்டுக்கோட்டை என நம் காவிரிப் படுகையிலிருந்து கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்துக்குக் குடிபெயரும் இளம் குடும்பங்கள், போய் இறங்கிய வாரத்திலேயே எந்தக் கடையில் பொன்னி அரிசி மலிவு என்று கேட்கத் தொடங்கிவிடுகின்றன. கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அரிசியில் மிச்சமாவது மாதத்துக்குச் சில டாலர்கள்தான். டொரண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் பல ஆண்டுகள் குடித்தனம் நடத்திவிட்டு இப்போது மன்னார்குடியில் வசிக்கும் நான் இரு பக்கத்துக் கணக்கையும் பார்த்தவன். பெரிய தொகைகள் எல்லாம் அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில், எந்த நோட்டிலும் ஏறாமல் போவதைத்தான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். நிலம், மொய், வங்கிக் கணக்கு, பெற்றோரின் வைத்தியம், ஊருக்கு அனுப்பும் பணம் ஆகியவற்றை டொரண்டோ வீட்டு வாடகையோடு சேர்த்து ஒரே நோட்டில் எழுதினால்தான் உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது தெரியவரும்.

அங்கே பல வேலைகளில் சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. ஆண்டுக்கு 26 சம்பளம் என்பதால், மாதத்துக்கு இரண்டு என்று வைத்துக் குடும்பத்தை ஓட்டினால் ஆண்டில் இரண்டு மாதங்களில் மூன்றாவது சம்பளம் ஒன்று கூடுதலாகக் கைக்கு வரும். போகத்துக்குப் போகம் பணம் பார்த்துப் பழகிய நம் குடும்பங்களுக்கு இதைக் குறுவை அறுவடை, சம்பா அறுவடை என்று சொன்னால் எளிதில் புரியும். அந்த இரண்டு சம்பளங்களையும் ஊர்ச் செலவுக்கென்று முன்கூட்டியே ஒதுக்கிவிடுவது நல்லது. மாதாமாதம் தம்பி கேட்டார், அத்தை கேட்டார் என்று அனுப்பிக்கொண்டிருப்பதைவிட, இந்தத் தேதியில் இவ்வளவு வரும் என்று ஊரிலும் தெரிந்திருப்பது உறவுக்கும் நல்லது.

வாடகை வீட்டைப் பொறுத்தவரை, பேஸ்மென்ட் எனப்படும் நிலத்தடித் தளம் என்றாலும் அடுக்ககம் என்றாலும், ஒண்டாரியோவில் வீட்டு உரிமையாளர் முதல் மாத வாடகையையும் கடைசி மாத வாடகையையும் முன்பணமாகக் கேட்கலாம். அதற்கு மேல் சேதத்துக்கென்று தனி வைப்புத்தொகை கேட்க அந்த மாநிலச் சட்டத்தில் இடமில்லை. நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள் கேட்டதைக் கேட்டபடி எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வாடகை உயர்வுக்கும் அரசு ஆண்டுதோறும் உச்சவரம்பு அறிவிக்கிறது. 2025இல் அது 2.5 சதவீதம், 2026இல் 2.1 சதவீதம். ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேற்றப்பட்ட வீடுகளுக்கு இந்த வரம்பு பொருந்தாது. ஆகவே, பளபளப்பான புதுக் கட்டடத்தைக் கண்டு மயங்குவதற்கு முன், அதில் முதன்முதலில் எந்த ஆண்டில் ஆட்கள் குடிவந்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை ரசீதையும் கேட்டு வாங்கி வைத்திருங்கள்.

சமையலறைச் செலவில் அதிகம் சொல்வதற்கில்லை. ஸ்கார்பரோவில் ஈழத் தமிழர்கள் நடத்தும் கடைகளில் முருங்கைக்காயிலிருந்து வாழைப்பூ வரை எல்லாம் கிடைக்கும். விலை உயர்ந்த பசுந்தேங்காயை விட்டுவிட்டு உறைநிலையில் வரும் தேங்காய்த் துருவலுக்குப் பழகிக்கொள்வதும், வாராந்தர விளம்பரத் தாளில் போட்டிக் கடையின் விலையைக் காட்டி அதே விலைக்குக் கேட்டு வாங்குவதும் போதும். அடிப்படை மளிகைப் பொருள்களுக்கு விற்பனை வரி கிடையாது. உணவகச் சாப்பாட்டுக்கு, விலைப்பட்டியலில் காட்டாத 13 சதவீத வரி பில்லில் ஏறும். மின்சாரக் கட்டணம், அங்கே வழங்கும் பேச்சில் ஹைட்ரோ பில், பெரும்பாலான வீடுகளில் நேரத்துக்கு ஏற்ப மாறுகிறது; வார நாள்களில் இரவு ஏழு மணியிலிருந்து காலை ஏழு மணி வரையும், வார இறுதி முழுவதும் அது குறைவு. கிரைண்டரை ஏழு மணிக்குப் பிறகு போட்டு, மாவை அடுப்பின் ஓவனுக்குள் வைத்து, ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டுக் கதவைச் சாத்திவிட்டால், பனிக்காலத்திலும் காலையில் மாவு பாத்திரத்தின் விளிம்புவரை பொங்கியிருக்கும். நல்ல காப்பிக்குக் கும்பகோணத்துப் பித்தளை டபராவைவிட மூன்றேகால் சதவீதக் கொழுப்புள்ள பால்தான் முக்கியம். நான்கு லிட்டர் பையாக வாங்கினால் அதுவும் மலிவு.

குழந்தைகள் உள்ளவர்கள் போனவுடன் கவனிக்க வேண்டியது கனடா மத்திய அரசின் குழந்தை நல உதவித்தொகை. நிரந்தர வசிப்புரிமையோடு (பிஆர்) சென்றவர்கள் உடனே விண்ணப்பிக்கலாம். வேலை அனுமதியில் சென்றவர்கள் பதினெட்டு மாதம் அங்கே வசித்த பிறகு விண்ணப்பிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து 2026 ஜூன் வரையிலான காலத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 7,997 டாலர் என்பதிலிருந்தே இதன் எடை புரியும். குடும்ப வருமானம் ஏற ஏற இது குறையும். போவதற்கு முந்தைய ஆண்டுகளில் இந்தியாவில் ஈட்டிய வருமானத்தையும் விண்ணப்பத்தில் கேட்பார்கள் என்பதால் பழைய வருமான வரிக் கணக்குகளின் நகலைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். அதன் பிறகு ஆண்டுதோறும் ஏப்ரல் 30க்குள் கணவன், மனைவி இருவரும், ஒருவருக்கு ஒரு டாலர்கூட வருமானம் இல்லாவிட்டாலும், வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஒருவர் விட்டுவிட்டாலும் உதவித்தொகை நின்றுபோகலாம்.

அந்தத் தொகையில் ஒரு பகுதியைக் குழந்தையின் கல்விச் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். ஆண்டுக்கு 2,500 டாலர் வரை போடுவதற்கு அரசு 20 சதவீதம், அதாவது 500 டாலர், தன் பங்காகச் சேர்க்கிறது. ஒரு குழந்தைக்கு மொத்தத்தில் 7,200 டாலர் வரை இப்படிக் கிடைக்கும். ஊரில் மனை வாங்கிப் போடுவதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. அத்திட்டம் 2009இல் தொடங்கி, பயன்படுத்தாத வரம்பு ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே வருவதால், அங்கேயே பிறந்து வளர்ந்த நண்பர் தமக்குப் பெரிய தொகைக்கு இடமிருப்பதாகச் சொல்வார். உங்களுக்கான வரம்பு நீங்கள் கனடாவில் வசிக்கத் தொடங்கிய ஆண்டிலிருந்துதான் கணக்காகும். 2025, 2026 ஆகிய ஒவ்வோர் ஆண்டுக்கும் அது 7,000 டாலர். மிகையாகப் போட்ட தொகைக்கு மாதம் ஒரு சதவீதம் வரி விதிப்பார்கள்.

இனி நடுவில் ஒழுகும் பணத்துக்கு வருகிறேன். ஊருக்குப் பணம் அனுப்பும்போது கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்யும் நிறுவனம், மாற்று விகிதத்தில் தன் லாபத்தை எடுத்துக்கொள்ளும். ஆயிரம் டாலர் கொடுத்தால் அப்பாவின் கணக்கில் முடிவாக எத்தனை ரூபாய் விழும் என்பதை மட்டும் இரண்டு மூன்று இடங்களில் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிநாட்டில் குடியேறியவுடன் இந்தியாவிலுள்ள சாதாரணச் சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியரின் உள்நாட்டு வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றிவிட வேண்டும். 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி அது கட்டாயம். அங்கே சம்பாதித்ததை, அதற்கென்றே உள்ள என்ஆர்இ கணக்கில் போட்டால் அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. இதைச் சொல்லி வைப்புத்தொகை பிடிக்கும் பலர், கனடாவில் வசிப்பவர் உலகின் எந்த மூலையில் ஈட்டிய வருமானத்தையும் கனடாவில் காட்டியாக வேண்டும் என்பதையும், அந்த வட்டிக்கு அங்கே வரி உண்டு என்பதையும் சொல்வதில்லை.

நிலத்துக்கும் இதே விதிதான், டெல்டாக்காரர்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான். தாத்தா வழி வந்த நஞ்சை ஒன்பது மா இருக்கிறது, அதாவது மூன்று ஏக்கர். குத்தகைக்காரர் மாவுக்கு இத்தனை மூட்டை என்று அளக்கிறார். மாசி மாதத்தில் சித்தப்பா அந்த நெல்லை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சித்தப்பாவின் நோட்டைப் பிரித்தால் நெல் விற்றது ஒரு பக்கமும், வாய்க்கால் வெட்டியது, மோட்டார் காயில் கட்டியது, கோயில் வரி கொடுத்தது, கல்யாணத்துக்குச் செய்முறை செய்தது எல்லாம் எதிர்ப்பக்கமும் இருக்கும். அடியில் மிச்சம் என்று எதுவும் இராது. அதில் சித்தப்பாவின் மேல் குற்றம் ஏதுமில்லை, ஊர்க் குடும்பம் நடப்பதே அப்படித்தான். ஆனால் வேளாண் வருமானத்துக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் கனடாவிலும் காட்ட வேண்டியதில்லை என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் பெயரில் பட்டா உள்ள நிலத்தின் குத்தகை உங்கள் வருமானம். ஆகவே அந்த நோட்டின் படத்தை ஆண்டுக்கொரு முறை கேட்டு வாங்கி, நிலத்துக்கான செலவு எது, வீட்டுக்கான செலவு எது என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, போகும் முன்பே செய்ய வேண்டியது. கனடாவுக்கு வெளியே உள்ள நிலம், வைப்புத்தொகை முதலியவற்றின் மொத்த அடக்க விலை ஒரு லட்சம் கனடிய டாலரைத் தாண்டினால் ஆண்டுதோறும் கனடா வரித்துறைக்குத் தனிப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். குடியேறிய முதல் ஆண்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. தாங்களே தங்குவதற்கென்று வைத்திருக்கும் வீடும் போட்டுக்கொள்ளும் நகையும் இதில் சேரா. புதிதாகக் குடியேறியவருக்கு அடக்க விலை என்பது, தாத்தா எந்தக் காலத்திலோ வாங்கிய விலையாக இராமல், நீங்கள் கனடாவில் வசிக்கத் தொடங்கிய நாளில் அந்த நிலத்துக்கு இருந்த சந்தை மதிப்பாகவே கொள்ளப்படுகிறது. ஆகவே அந்த நாளுக்கான மதிப்பீட்டை ஊரில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டால், பின்னாளில் நிலத்தை விற்கும்போது, வளர்ந்த மதிப்பு முழுவதற்கும் அல்லாமல் குடியேறிய பிறகு வளர்ந்ததற்கு மட்டும் அங்கே கணக்குக் காட்டலாம். சில ஆயிரம் ரூபாய் செலவாகும் இந்தத் தாளை வாங்கி வைத்தவர்கள் மிகச் சிலரே.

புதிதாக விவசாய நிலம் வாங்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. வாரிசாகப் பெறலாம், முன்பே உள்ளதை வைத்துக்கொள்ளலாம், விற்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு விற்கலாம். மச்சான் பெயரில் வாங்கிப் போடுகிறேன் என்பது சட்டத்துக்கும் புறம்பு, பத்து ஆண்டு கழித்துக் குடும்பத்துக்குள் வழக்குக்கும் வித்து. கூட்டுப் பட்டாவில் உள்ள உங்கள் பங்கைப் பிரித்துத் தனிப் பட்டா வாங்குவதையும் விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். முடியாமல் போனால் அங்கிருந்து பவர் பத்திரம் அனுப்ப வேண்டியிருக்கும். இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திடலாம். 2024 ஜனவரி 11 முதல் கனடா, ஒரு நாட்டு ஆவணத்தை ஒரே முத்திரையால் பிற நாடுகள் ஏற்கும் அப்போஸ்டில் உடன்பாட்டில் சேர்ந்துவிட்டதால் நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டு அப்போஸ்டில் முத்திரை பெற்றும் அனுப்பலாம். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். எல்லா அதிகாரமும் கொடுக்கும் பொதுப் பவரை யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். எந்தச் சர்வே எண், எந்த வேலை என்று குறிப்பிட்டுக் கொடுங்கள்.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தவர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு உண்டு, அது மொய். ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்தில் வாங்கிய பணம் கடன்தான். திருப்பிச் செய்யும்போது கூட்டித்தான் செய்ய வேண்டும். மொய் நோட்டை அப்பாவிடமே விட்டுவிட்டு டாலரில் கணக்குப் பார்க்கும் குடும்பங்கள் ஆடி பிறந்ததும் திணறுகின்றன. நோட்டின் நகலை வாங்கி, யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டும், எவர் வீட்டில் அடுத்து விசேஷம் என்று ஒரு பட்டியல் போட்டு, நான் முன்பு சொன்ன மூன்றாவது சம்பளங்களில் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். குலதெய்வக் கோயில் குடமுழுக்குக்குத் தலைக்கட்டு வரி கேட்கும்போது, வெளிநாட்டில் இருக்கிறார் என்று இரண்டு பங்கு எழுதுவார்கள்; உங்கள் தலைக்கட்டுக்கு உரியதைத் தயங்காமல் கொடுங்கள், அதற்கு மேல் கொடுப்பது உங்கள் விருப்பமாக மட்டுமே இருக்கட்டும்.

பெற்றோரை அழைத்துக்கொள்வதற்கு, நிரந்தர வசிப்புரிமை பெற்ற பின் சூப்பர் விசா வசதியானது. ஒருமுறை சென்றால் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். அதற்குக் குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு, ஓராண்டுக்கான மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். வயதுக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களுக்கும் ஏற்ப அதன் விலை பெரிதும் மாறும். சொந்தச் சாகுபடி செய்யும் தகப்பனாராக இருந்தால், சம்பா அறுவடையும் நெல் விற்பனையும் முடிந்து, கொள்முதல் நிலையத்துப் பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் அவருக்கு மனம் கிளம்பும். ஜூன் 12இல் மேட்டூர் திறக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தால் திரும்பிவிடத் துடிப்பார். எனவே காப்பீடு வாங்கும்போதே, இடையில் ஊர் திரும்பினால், இழப்பீடு எதுவும் கோராத நிலையில், மீதி மாதங்களுக்கான தொகையைத் திருப்பித் தருவார்களா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் தருகின்றன. விண்ணப்பத்தில் பழைய நோய் ஒன்றைக்கூட மறைக்காமல், அவர் விழுங்கும் மாத்திரைகளின் பெயரை மருந்துச் சீட்டைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். மறைத்தது தெரியவந்தால் காப்பீடு கைகொடுக்காது, டொரண்டோ மருத்துவமனையின் முழு பில்லும் உங்கள் தலையில்தான் விழும்.