சிபிசிடியில் தெரியாத வேர்க்கால்வாயை ‘இல்லை’ என்று கணக்கிடலாமா?

வேரடி:
மேல் முதல் கடைவாய்ப்பல்லில், கன்னத்தை ஒட்டிய முன்வேரில் ஒளிந்திருக்கும் இரண்டாவது வேர்க்கால்வாயைத்தான் (பல்நரம்பு ஓடும் குழாயைத்தான்) எம்பி2 என்கிறோம். எந்த மக்களிடம் அது எத்தனை சதவீதம் என்று சிபிசிடி (பல்லையும் தாடையையும் முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) படங்களை வைத்துச் சொல்லும் கட்டுரைகள் குவிகின்றன. அவற்றை நான் நம்பத் தயாராக இல்லை. வாக்செல் (முப்பரிமாணப் படத்தின் மிகச்சிறு கட்டம்) அளவு 0.4 மில்லிமீட்டர் உள்ள படத்தில் மெல்லிய கால்வாய் மறைந்துபோகும், 0.1 உள்ள படத்தில் அதே கால்வாய் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டு மக்களுக்கிடையே வேறுபாடு என்று எழுதுவது பெரும் தவறு.

செங்கதிர்:
கடுமையாகச் சொல்கிறீர்கள். பல் ஆய்வாளர் வெர்டூச்சி 1984இல் கால்வாய் அமைப்புக்கு எட்டு வகைகளைத் தந்தது, பிடுங்கிய பற்களில் சாயம் செலுத்தி, அவற்றை ஒளி ஊடுருவும்படி மாற்றிப் பார்த்துத்தான். அத்தகைய சேகரிப்புகளில் பல் யாருடையது, என்ன வயது என்பது பெரும்பாலும் தெரியாது. சிபிசிடியில் வயது, பாலினம், ஒரே ஆளின் வலப்புறம், இடப்புறம் எல்லாம் கிடைக்கின்றன. கீழ் இரண்டாம் கடைவாய்ப்பல்லின் சி-வடிவக் கால்வாய் (குறுக்குவெட்டில் ஆங்கில C போலத் தெரிவது) கிழக்காசிய மக்களிடம் மிகுதி என்பதை இத்தகைய படங்களும் தெளிவாகவே காட்டுகின்றன.

வேரடி:
சி-வடிவமும், கீழ் முதல் கடைவாய்ப்பல்லின் நாக்குப்புறக் கூடுதல் வேரும் பெரிய அமைப்புகள். அவற்றில் எனக்கு மறுப்பில்லை. என் சண்டை எம்பி2 பற்றியது. மைக்ரோ சிடியில் (பிடுங்கிய பல்லை மிக நுணுக்கமாகப் படமெடுக்கும் ஆய்வகக் கருவியில்) தெரியும் நுண்கிளைகள் பல சிபிசிடியில் தடமே இல்லாமல் போகின்றன.

செங்கதிர்:
மைக்ரோ சிடிக்குள் நோயாளியை அனுப்ப முடியாதே! வாக்செலைச் சிறிதாக்கினால் இரைச்சல் கூடும், தலை சற்று அசைந்தாலும் படம் மங்கும். கிடைக்கும் கருவியில் கிடைக்கும் உண்மையை ஏன் தள்ள வேண்டும்?

இளநிலை மாணவி:
அப்படியானால் வேர் சிகிச்சைக்கு முன் எல்லோருக்கும் சிபிசிடி எடுக்கலாமா, ஐயா?

நுண்ணோக்கி:
வேண்டாம், அம்மா. அமெரிக்க எண்டோடான்டிக் (வேர் சிகிச்சை) சங்கமும் வாய், முக கதிரியல் கழகமும் 2015இல் கூட்டாகச் சொன்னது இதுதான்: அறிகுறி எதுவும் இல்லாதபோது வழக்கமான சோதனையாக எடுக்கக் கூடாது; கூடுதல் கால்வாயோ சிக்கலான அமைப்போ இருக்கும் என்ற ஐயம் இருந்தால் சிறிய பரப்பளவில் எடுக்கலாம். முதலில் கோணம் மாற்றி இன்னொரு சாதாரண எக்ஸ்ரே எடுங்கள். பிறகு பல்லைத் திறந்து, எம்பி1 (அதே வேரின் முதல் கால்வாய்) வாயிலிலிருந்து அண்ணப்புற வேரின் கால்வாயை நோக்கிப் போகும் பள்ளத்தை நுண்ணோக்கியில் தேடுங்கள். எம்பி2 பெரும்பாலும் அந்தக் கோட்டிலோ அதற்குச் சற்று முன்புறமாகவோ இருக்கும். மேலே ஒரு டென்டின் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் கடினத் திசு) விளிம்பு மூடியிருந்தால் அல்ட்ராசோனிக் முனையால் மெல்லச் சீவுங்கள். படத்தில் தெரியவில்லை என்று தேடலை நிறுத்தாதீர்கள்.

வேரடி:
செங்கதிர், ஒன்று கேட்கிறேன். நீங்கள் போற்றும் ஆய்வுகளில் உலோக உறை போட்ட, ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்த பற்களை என்ன செய்கிறார்கள்?

செங்கதிர்:
பெரும்பாலும் நீக்கிவிடுகிறார்கள். உலோகமும் அடைபொருளும் படத்தில் கீற்றுகளை உண்டாக்கிக் கண்ணை ஏமாற்றுமே.

வேரடி:
நீக்குவது சரிதான். ஆனால் மிஞ்சுபவற்றில் பல, சிகிச்சையே தேவைப்படாத நல்ல பற்கள். ஆழ்ந்த சொத்தையும் பழைய நிரப்பலும் கண்ட பல்லில் டென்டின் படிந்து கால்வாய் குறுகியிருக்கும். நாம் திறக்கப்போவது அந்தப் பல்லைத்தான். உங்கள் ஆய்வுகளின் அட்டவணையில் அது குறைவு.