பனைகளுக்குப் பின்னால் 1 கிலோவாற் காற்றாலை: தூணை உயர்த்தினால் காசு திரும்புமா?

பருத்தித்துறை, கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீற்றர் உள்ளே. மூன்று இறக்கை, விட்டம் 2.7 மீற்றர், 48 வோல்ற் பற்றரி, தூண் 9 மீற்றர். சோளகம் (தென்மேற்குப் பருவக்காற்று) தொடங்கிய மே மாதத்திலிருந்து மாதம் 35 யூனிற்றைத் தாண்டவில்லை. தூண் உச்சியில் காற்றின் சராசரி வேகம் செக்கனுக்கு 4 மீற்றர். அதற்கு 70 யூனிற் அளவில் வரவேண்டும்.

ஜெனரேற்றரின் மூன்று பேஸிலும் வோல்ற்றேஜ் ஒரே அளவு. பெயரிங், கொன்ரோலர் இரண்டும் மாற்றியாயிற்று. கேபிளும் இப்போது 16 சதுர மில்லிமீற்றர். பலனில்லை.

சந்தேகம் பனைகளில்தான். வடக்கே கடல் திறந்து கிடக்கிறது, ஆனால் சோளகம் தென்மேற்கிலிருந்து தரைமேல் வருகிறது. அந்தப் பக்கம் 60 மீற்றரில் பனை வரிசை, உயரம் 12 மீற்றர். காற்று பலக்கும்போது வால் இடமும் வலமும் அடிக்கிறது. இறக்கை வேகம் எடுக்குமுன் தலை திரும்பிவிடுகிறது. பனையை வெட்டும் எண்ணம் அறவே இல்லை.

சக்தி வேகத்தின் கனத்தோடு (மூன்றாம் அடுக்கோடு) ஏறுவது. தூணை 18 மீற்றராக்கி வேகம் 15% கூடினாலே சக்தி 50% கூடும். ஆனால் குழாய், இழுகம்பி, கொங்கிறீற் அடித்தளம் எல்லாம் சேர்த்தால் அந்தக் காசுக்குச் சோலர் தகடே போடலாம்.

பனைக்கு மேலே தூணை உயர்த்தியவர்களுக்குச் சோளக மாதங்களில் யூனிற் எவ்வளவு கூடியது?