3 டன் பாய்லர்: டியூப் வாயில் கசிவு நிற்கவே மாட்டேன் என்கிறது

வணக்கமுங்க. பெருந்துறைப் பக்கம் சின்ன சாயப்பட்டறை. பாய்லர் விறகில் ஓடும் 3 டன் (மணிக்கு அவ்வளவு நீராவி தரும்) ஸ்மோக் டியூப், அதாவது குழாய்க்குள் அனலும் வெளியே தண்ணீரும் இருக்கும் வகை, 1998 மாடல், 10.5 கிலோ பிரஷர். ஆடி மாதத்திலிருந்து பின்பக்க டியூப் பிளேட்டில் (டியூப் முனைகளைப் பிடித்திருக்கும் துளைத் தகடு), அனல் திரும்பும் இடத்தில் கசிவு. ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஞாயிறு நிறுத்தி, திங்கள் காலை கதவைத் திறந்தால் டியூப் வாய்க்குக் கீழே வெள்ளை மீசை மாதிரி உப்பு வழிந்து காய்ந்திருக்கும்.

லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரரை வைத்து இரண்டு தடவை எக்ஸ்பாண்டர் போட்டாயிற்று (டியூப் வாயை உள்ளிருந்து உருட்டி விரித்துத் துளையில் இறுக்குவது). முதல் தடவை 20 நாள் தாங்கியது, அடுத்தது 9 நாள்தான். இன்னொரு தடவை அப்படி ரோல் போட்டால் பிளேட்டில் உள்ள துளையே அகன்றுவிடும் என்று பயமாக இருக்கிறது. 4 டியூப் மாற்றினோம். இப்போது பக்கத்து டியூப் கசிகிறது. கழற்றிய டியூப்களில் முட்டை ஓட்டை விடக் கனமாக உப்புச் செதில், எல்லாம் போர் தண்ணீர் செய்த வேலை. சாஃப்ட்னரில் (தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் கருவி) ரெசின் மாற்றியபின் ஹார்ட்னஸ் 5 பிபிஎம்முக்குள் நிற்கிறது. பாய்லருக்குள் ஏற்றும் ஃபீட் தண்ணீர் சூடு 45 டிகிரிதான். திங்கள் காலை அவசரமாக ஸ்டீம் ஏற்றுவதுதான் காரணம் என்கிறார் ஃபயர்மேன் அண்ணன். எனக்கும் பாதி நம்பிக்கை, இப்போது மெதுவாகத்தான் ஏற்றுகிறோம். விரிசலைக் காட்டும் சிவப்புச் சாயம் தடவிப் பார்த்ததில் பிளேட்டின் துளைகளுக்கு நடுவே விரிசல் தென்படவில்லை.

பிளேட்டைத் தொடாமல் டியூப்களை மட்டும் மொத்தமாக மாற்றினால் இந்தக் கசிவு நிற்குமா? இதே வயது பாய்லரில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்க.